ஒல்ஷானாவின் மூன்றாவது ஓட்டு

போலந்தின் கிழக்கு மூலையில், லுப்ளின் நகரத்திலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிறது ஒல்ஷானா. அந்த ஊரில் தேர்தல் வந்தால் உண்மையிலேயே சந்தோஷப்படுகிற ஒரே ஆள் கெனியாதான். வேட்பாளர்கள்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டு யாரும் பார்த்ததில்லை. முதல் சுற்றிலேயே எவனாவது ஜெயித்துத் தொலைத்து, இரண்டாம் சுற்று ஓட்டே இல்லாமல் போனால் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. தோற்றவன் பெண்டாட்டிகூட அப்படி வாடியிருக்க மாட்டாள்.

எல்லாம் மகன் செவெரினுக்காகத்தான். அவன் லுப்ளினுக்குப் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் என்றால் மருமகள் கிங்காவின் வீட்டோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அவள் அம்மாவுக்கு முழுநாள், கெனியாவுக்கு அரைநாள். ஆனால் தேர்தலுக்குப் பங்காளி கிடையாது. புருஷன் பெண்டாட்டி இருவர் பெயரும் ஒல்ஷானா வாக்காளர் பட்டியலில், முப்பத்தொன்றாம் எண் வீட்டில், கெனியாவின் பெயருக்குக் கீழே இருந்தன. ஓட்டுப் போட வந்தே ஆக வேண்டும். வந்தால் சாப்பிட்டே ஆக வேண்டும். சனிக்கிழமையே மாவு பிசைந்து, நூடுல்ஸை மயிரிழையாக நறுக்கி மேசையெங்கும் உலர்த்திவிடுவாள். கோழி சூப் காலை ஐந்து மணிக்கே அடுப்பில் ஏறிவிடும்.

தீயணைப்பு நிலையத்தில்தான் வாக்குச்சாவடி. கெனியா தேர்தல் குழுவில் உட்கார்ந்து பட்டியலைப் பார்ப்பவள். தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து அதே உடையோடு ஊரே வரிசையில் வரும். செவெரின் முன்னால் வந்து நின்றதும், "ஐயா, அடையாள அட்டை?" என்பாள், முன்பின் தெரியாதவள் மாதிரி. "இதோ இருக்குங்க மேடம்," என்று அவனும் நீட்டுவான். அவள் மற்ற பெயர்களை அளவுகோலால் மறைத்துக்கொண்டு, அவன் கையெழுத்துப் போடும் வரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். வரிசையில் நிற்பவர்கள் இருமிக் காட்டினால்தான் அளவுகோலை எடுப்பாள்.

இதில் ஒரு ரகசியம் உண்டு. ஒல்ஷானா மொத்தமும் பாதிரியார் தலையாட்டுகிற கட்சிக்கே குத்தும். மாகாண சபைக்கான சீட்டை எண்ணும்போது மட்டும், எதிரணி தாராளவாதிகளுக்கு ஒவ்வொரு முறையும் மூன்று ஓட்டு விழும். அதில் இரண்டு, செவெரினும் கிங்காவும் போட்டவை என்று ஊருக்கே தெரியும். நகரத்துப் பிள்ளைகள், போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். மூன்றாவது கோயிலில் ஆர்கன் வாசிக்கும் லூட்சியானுடையது என்பது ஊரின் தீர்ப்பு. அவர் ஊதா நிறத்தில் கழுத்துத்துணி கட்டுகிறவர். அதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

உண்மையில் அது கெனியாவினுடையது. அந்தக் கட்சிக்காரர்கள் பேசுவதில் பாதி அவளுக்குப் புரியாது, மீதி பிடிக்காது. இருந்தாலும் முதல் தடவை எண்ணியபோது அந்த இரண்டு சீட்டு மட்டும் தனியாக ஒரு மூலையில் கிடந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. அடுத்த தேர்தலிலிருந்து துணைக்கு ஒன்று சேர்த்தாள்.

இந்த ஏப்ரலில் உள்ளாட்சித் தேர்தல், மாகாண சபைக்கும் சேர்த்து. ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பட்டியலைப் பிரித்தவள், பழக்கத்தில் முப்பத்தொன்றாம் வீட்டுக்குத்தான் முதலில் போனாள். அங்கே ஒரே ஒரு பெயர் இருந்தது. அவளுடையது.

குழுவில் அவளுக்குப் பக்கத்து நாற்காலிக்காரியான செஸ்வாவா எட்டிப் பார்த்தாள். அடுத்தவர் பக்கத்தை எட்டிப் பார்ப்பதில் அவளை மிஞ்ச மாவட்டத்திலேயே ஆள் இல்லை.

"ஏண்டி கெனியா, உன் பையன் பேரக் காணோம்? லுப்ளினுக்கே மாத்திக்கிட்டானா?"

"ஆமா, சொன்னான்," என்றாள் கெனியா. அவன் சொல்லவே இல்லை.

"பின்ன? அவனுக்கு இங்க என்ன இருக்கு!"

வாக்குச்சாவடி மேசையில் கட்சி பேசக்கூடாது என்பது சட்டம். ஆகவே செஸ்வாவா லுப்ளினைப் பற்றி மட்டும் பேசினாள். "எனக்கு ஒண்ணு புரியல. சுத்தி இருக்கிற ஊரெல்லாம் நம்ம மாதிரி ஒழுங்கா இருக்கு. நடுவுல அந்த லுப்ளின் மட்டும் எப்பப் பாத்தாலும் அந்த மாதிரி ஆளையே மேயராக் கொண்டாந்து வைக்குதே! தண்ணியில எதாவது கலக்கறாங்களா?"

"கரண்டு கம்பியில ஓடுற டிராலி பஸ்ஸுல போறாங்கல்ல, கரண்ட் மண்டைக்கு ஏறிடுது," என்றார் குழுத் தலைவர் இக்னாட்சி, வாக்குப்பெட்டிக்கு முத்திரை ஒட்டிக்கொண்டே.

கெனியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டியலைப் புரட்டினாள். பதினான்காம் வீடு: மருந்துக்கடைக்காரரின் பெண் இல்லை, கல்யாணம் எப்போது, கல்யாணம் எப்போது என்று இதே செஸ்வாவா கேட்டுக் கேட்டு அவளை அனுப்பிவைத்தாள். இருபத்திரண்டு: பூசைக்கு வர மறுத்த பையனின் பெயரும் இல்லை. நாற்பது: ஒன்றாகக் குடியிருந்த இரண்டு ஆசிரியைகளும் இல்லை. வாயைத் திறந்தால் வம்பு என்று நினைத்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு பேருந்தில் ஏறி அங்கே இறங்கியிருக்கிறார்கள். லுப்ளின் மேயரை லுப்ளினா தேர்ந்தெடுக்கிறது? ஒல்ஷானா மாதிரி ஊர்களெல்லாம் சேர்ந்து அனுப்பிவைத்த பிள்ளைகள் அல்லவா! போனவர்கள் போகப் போக அந்த ஊர் அப்படி ஆயிற்று, இந்த ஊர் இப்படியே மிஞ்சியது. இதை அவள் செஸ்வாவாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த பேருந்து அவளுக்குத்தான்.

நண்பகல் இடைவேளையில் வெளியே போய்ப் போன் செய்தாள்.

"சொல்லணும்னுதாம்மா இருந்தேன்," என்றான் செவெரின். "இங்க மேயர் தேர்தல் இழுபறி. எங்க குழந்தைகள் காப்பகத்த மூடிடுவேங்கறான் ஒருத்தன். அங்க என் ஓட்டு எதுக்கும்மா ஆகுது? இங்க போட்டா எண்ணிக்கையில வரும்."

"இங்க மட்டும் எண்ணாமலா விட்டோம்? நான்தானேடா எண்ணினேன்."

"அம்மா..."

"சரி, சரி. சூப் வச்சிருந்தேன். செஸ்வாவா குடிச்சுட்டுப் போறா."

மூன்று மணிக்கு அவள் தன் சீட்டுகளை எடுத்துக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனாள். போனவள் வருகிற வழியாக இல்லை. முன்பு மூன்றில் ஒன்றாக ஒளிந்துகொள்ள முடிந்தது. இப்போது போட்டால் அது ஒற்றையாக நிற்கும். ஊர் மோப்பம் பிடிக்கும். போடாவிட்டால் சைபர். செவெரின் ஒவ்வொரு தேர்தலும் முடிந்ததும் இணையத்தில் ஒல்ஷானாவின் கணக்கைத் தேடிப் பார்க்கிறவன். சைபரைப் பார்த்தால், அங்கே நமக்கு இனி யாரும் இல்லை என்று முடிவுகட்டிவிடுவானே!

"என்ன கெனியா, தூங்கிட்டியா?" என்று இக்னாட்சி குரல் கொடுத்தார்.

அவள் பேனாவை அழுத்திச் சீட்டில் பெருக்கல் குறி போட்டாள்.

திங்கட்கிழமை காலை முடிவுத்தாள் தீயணைப்பு நிலையக் கதவில் ஒட்டப்பட்டிருந்தது. ரொட்டி வாங்க வந்தவர்களெல்லாம் ரொட்டியை மறந்து அங்கே நின்றார்கள்.

"ஒண்ணே ஒண்ணு," என்றாள் செஸ்வாவா, விரலை அந்த எண்ணின் மேலேயே வைத்துக்கொண்டு. "அந்தப் புண்ணியவான் யாரு?"

"நான்தான்," என்றாள் கெனியா.

கூட்டம் சிரித்த சிரிப்பில் கூரைப் புறாக்கள் பறந்தன. "நீயா! பாதிரியாருக்குப் பூ அடுக்கறவ! ஐயோ, வயிறு வலிக்குதுடி," என்று செஸ்வாவா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உடனடியாக லூட்சியானின் குற்றம் ஊர்ஜிதமாயிற்று. அந்த வாரம் முழுவதும் அவருக்கு வணக்கம் சொன்னவர்கள் பாதிதான்.

சாயங்காலம் போன் அடித்தது.

"அம்மா, பாத்தேன். அங்க ஒண்ணு விழுந்திருக்கே! நாங்க இல்லாமலே போட்டிருக்காரே மனுஷன். லூட்சியானுக்கு என் சார்பா ஒரு கை குடு."

"அவர் இல்லடா. நான்."

அந்தப் பக்கமிருந்து சிரிப்பு வரவில்லை. அவனுக்குப் பின்னால் டிராலி பஸ் ஒன்று கதவைத் திறந்து மூடும் ஓசை மட்டும் கேட்டது.

"எத்தன வருஷமா?"

"அதெல்லாம் யாரு கணக்கு வச்சா."

"உனக்கு அவங்களப் பிடிக்கவே பிடிக்காதேம்மா!"

"இப்பவும் பிடிக்கல. நீங்க ரெண்டு பேர் தனியா இருந்தீங்க. அதான்."

அவன் கிங்காவிடம் ஏதோ கேட்டான். அவள் ஏதோ சொன்னாள். பிறகு, "காலைப் பேருந்து இன்னும் எட்டே காலுக்குத்தானா?" என்றான்.

"ஆமா. எதுக்கு? இந்த ஞாயித்துக்கிழமை இங்க ஒரு தேர்தலும் இல்லையே."

"தெரியும்மா," என்றான்.