கம்பி இருக்கா, இல்லையா

ரெனிதாவின் சிவப்புக் கார் மேனாம்பேட்டுக்குள் நுழைந்தால் அந்தத் தெருவுக்கே தெரிந்துவிடும். பார்வைக்கு மளிகை வாங்கப் போகிற சின்னக் கார்தான், அதுவும் இன்னொருவரிடமிருந்து பழசாக வாங்கியது. உள்ளே இருப்பது டர்போ என்ஜின். மிதித்தால் முதுகை சீட்டோடு ஒட்டவைக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் டீமை நடத்துகிறவள் அவள். அடுத்தவர்கள் எழுதிய புரோகிராமில் குற்றம் கண்டுபிடிப்பது அவள் பிழைப்பு. தன் காரில் குற்றம் கண்டுபிடிப்பது பொழுதுபோக்கு.

அவள் கணவன் அலெக்ஸ் ஆவடியில் ஒரு பள்ளியில் இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறான். அவனைப் பொறுத்தவரை கார் என்பது மழையில் நனையாமல் போக ஒரு கூரை. அவள் ஓட்டுவாள், அவன் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்துவான். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு.

சில மாதங்களாகக் கார் அவளைப் படுத்திக்கொண்டிருந்தது. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்பக்கம் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. குண்டும் குழியுமான ரோட்டில் ஏறி இறங்கும்போது காலுக்கடியில் எங்கோ 'கடக்' என்று ஒரு சத்தம். ராத்திரி பகலாக இணையத்தில் மேய்ந்து அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். காரின் உடம்பு வளைந்து கொடுக்கிறது. அதை இறுக்கிக் கட்ட வேண்டும். அதற்கென்றே கம்பிகள் விற்கிறார்கள். ஒன்று பானட்டைத் திறந்தால் தெரிகிற மாதிரி, இரண்டு முன்சக்கரங்களின் தலைமாட்டையும் இணைத்துக் குறுக்கே போவது. இன்னொன்று வண்டியின் வயிற்றுக்கு அடியில் போவது. இரண்டையும் வரவழைத்துவிட்டாள்.

பார்சலைப் பிரித்ததும் அலெக்ஸ் மேல்கம்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பாத்ரூம்ல துண்டு போடலாம். நல்லா பாலீஷ் பண்ணியிருக்கான்."

"கிண்டல் பண்ணாத. மாட்டினதுக்கு அப்புறம் நீயே சொல்லுவ."

"நான் எப்படிச் சொல்லுவேன்? நான் பேப்பர் திருத்திட்டிருப்பேன்."

எஸ்டேட்டில் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற முகமது ஆசிக்தான் மாட்டிக் கொடுத்தான். ரெனிதாவுக்குத் தம்பி வயது. அவளைவிடக் கார்ப் பைத்தியம். மாட்டி முடித்த அன்று சாயங்காலம் அவள் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தாள். வந்தவள் முகத்தில் திருவிழா.

"அலெக்ஸ், வண்டியே வேற! முன்னாடி நாலு துண்டா இருந்தது, இப்ப ஒரே துண்டா இருக்கு. திருப்பணும்னு நெனைக்கறதுக்குள்ள திரும்புது. அந்தக் கடக் சத்தமே போயிடுச்சு!"

அலெக்ஸ் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். "இது வண்டியில வந்த மாற்றமா, உன் மனசுல வந்த மாற்றமா?"

"என்ன கேள்வி இது?"

"ஆசைப்பட்டு வாங்கின, காத்திருந்து மாட்டின. நல்லாத்தான் இருக்கும்னு தோணும். பசங்ககிட்ட வெறும் தண்ணியைக் கொடுத்து குளூக்கோஸ்னு சொன்னா தெம்பா ஓடுவானுங்க. ரெனி, ஆபீஸ்ல எவனாவது வந்து 'டெஸ்ட் பண்ணல மேடம், ஆனா சூப்பரா வேலை செய்யுது'ன்னு சொன்னா நீ விடுவியா?"

அது சுருக்கென்று தைத்தது. அவன் சொன்னதில் தப்பே இல்லை என்பதால் இன்னும் ஆழமாகத் தைத்தது. கை கழுவிவிட்டு வந்து சொன்னாள்: "சரி, டெஸ்ட் வைப்போம். கம்பி இருக்கா இல்லையான்னு எனக்குச் சொல்லாம மாட்டட்டும், கழட்டட்டும். ஓட்டிப் பாத்து நான் சொல்றேன்."

அலெக்ஸின் கண் பளபளத்தது. கார் விஷயத்தில் அவன் நிமிர்ந்து உட்கார்ந்ததை அவள் அன்றுதான் பார்த்தாள்.

இடம் ஆசிக் பிடித்தான். நூம்பலில் புதிதாக மனை பிரித்துத் தார் ரோடு போட்ட ஒரு லேஅவுட். மஞ்சள் அடித்த கல் வரிசை வரிசையாக நட்டிருந்தது. ஒரு வீடு கூட எழும்பவில்லை. அங்கே மனை விற்கும் வேம்புலி, ஆசிக்கின் பழைய வாடிக்கையாளர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் உடுப்போடு ரெனிதாவும் அலெக்ஸும் போய்ச் சேர்ந்தபோது, வேம்புலி குடை பிடித்துக்கொண்டு கேட்டிலேயே நின்றிருந்தார்.

"வாங்கம்மா, வாங்க சார். ஆசிக்கு சொல்லிக்கீறான். வண்டி ஓட்டிப் பாருங்கோ, அப்டியே மனையும் பாருங்கோ. பாக்கறதுக்கு காசா பணமா?"

அலெக்ஸ் வாங்கி வந்திருந்த சிவப்பு பிளாஸ்டிக் மக்குகளை நேர் ரோட்டில் இடைவெளி விட்டுக் கவிழ்த்து வைத்தார்கள். அவற்றுக்கு நடுவே பாம்பு மாதிரி நெளிந்து போய், கோடியில் இருக்கிற வேகத்தடையில் ஏறி இறங்கித் திரும்பி, அப்படியே நெளிந்து வர வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் ரெனிதா கார் கண்ணில் படாமல் அந்தப் பக்கம் போய்விட வேண்டும். ஆசிக் கம்பிகளைக் கழற்றுவான், அல்லது கழற்றுகிற மாதிரி ஸ்பானரைப் போட்டுச் சத்தம் மட்டும் செய்வான். எது என்று அவனுக்கும் அலெக்ஸுக்கும்தான் தெரியும்.

அவள் அந்தப் பக்கம் போகிற நேரமெல்லாம் வேம்புலிக்கு நல்ல நேரம்.

"இது கிழக்கு பாத்த மனைம்மா. வெயிலு வரும் ஆனா சுடாது."

"வெயில் எப்படிண்ணா சுடாம வரும்?"

"வாஸ்து அப்டி கீது."

முதல் ஓட்டம். மக்குகளுக்கு நடுவே கார் சரசரவென்று புகுந்து வந்தது. ரெனிதா கண்ணாடியை இறக்கி, யோசிக்காமல் சொன்னாள்: "இருக்கு." அலெக்ஸ் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பரீட்சை ஹாலில் வைத்துக்கொள்கிற முகம்.

இரண்டாவதில் கோடியில் திரும்பும்போது ஒரு மக்கு பறந்து பள்ளத்தில் விழுந்தது. "இல்ல. கண்டிப்பா இல்ல. முன்னாடி இழுக்குது பாரு." மூன்றாவது, "இருக்கு." நாலாவது, கொஞ்சம் தயங்கிவிட்டு, "இருக்கு."

எல்லாரும் வேப்பமர நிழலில் கூடினார்கள். ஆசிக் தரையைப் பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்தான்.

"அக்கா... முதல் ஓட்டத்துல இல்ல. ரெண்டாவதுல இருந்துச்சு. மூணாவதுல இல்ல. நாலாவது மட்டும் சரியாச் சொன்னீங்க."

நாலுக்கு ஒன்று. பூவா தலையா போட்டிருந்தாலே இரண்டு வந்திருக்கும். ரெனிதாவுக்குக் காது மடல் சூடேறியது. அலெக்ஸ் இப்போது சிரிக்கப்போகிறான், இதை அடுத்த கிறிஸ்துமஸ் வரை சொந்தக்காரர்களிடம் சொல்லப்போகிறான் என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவன் சிரிக்கவில்லை. ஒரு குச்சியால் மண்ணில் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு இடிக்குது ரெனி," என்றான். "மாட்டறதுக்கு முன்னாடி கடக்னு கேட்டது எனக்கே தெரியும். மார்க் கூட்டும்போது ரெண்டு தடவை எண்ணிக்கை தப்பியிருக்கு. இப்ப கம்பி இல்லாம வேகத்தடையில ஏறி இறங்கினப்பவும் அது கேக்கலையே. ஏன்?"

ரெனிதாவும் அப்போதுதான் யோசித்தாள். ஆமாம், காலையிலிருந்து ஒரு தடவை கூட அந்தச் சத்தம் வரவில்லை.

இரண்டு பேரும் ஆசிக்கைப் பார்த்தார்கள். அவன் ஸ்பானரைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தான். திடீரென்று துடைப்பதை நிறுத்தினான்.

"ஐயோ அக்கா!"

"என்னடா?"

"அடியில போற கம்பி இருக்குல்ல, அது என்ஜினைத் தாங்கற சட்டத்தோட போல்ட்லயேதான் மாட்டும். அன்னிக்கு அந்த போல்ட்டைக் கழட்டப் போனா, இடது பக்கத்துல ரெண்டும் கையாலயே சுத்தற மாதிரி லூசா இருந்துச்சு. பழைய ஓனர் எப்பவோ கிளட்ச் மாத்த அந்தச் சட்டத்தை இறக்கியிருக்காரு போல, திரும்ப மாட்டினவன் சரியா முறுக்கல. நான் நல்லா முறுக்கிட்டேன். இன்னிக்கு கம்பியைக் கழட்டினப்பவும் போல்ட்டைத் திரும்பப் போட்டு முறுக்கித்தான் அனுப்பினேன்."

"இதை ஏன்டா அன்னிக்கே சொல்லல?"

"லூசா இருந்தா முறுக்கறது வழக்கம்தானேக்கா. அதைப் போய் எதுக்குச் சொல்லணும்னு..."

ஆக, அவள் உருகி உருகிப் பாராட்டிய அந்த 'ஒரே துண்டு' இரண்டு போல்ட்டுகள் முறுக்கியதால் வந்தது. கம்பி சும்மா கூட நின்று மாலையை வாங்கிக்கொண்டது. ரெனிதாவுக்கு முதலில் பகீரென்றது. போன வாரம்வரை அந்த லூஸ் போல்ட்டோடு பைபாஸில் பறந்திருக்கிறாள். அப்புறம் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல், வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஒரே நேரத்துல ரெண்டு விஷயத்தை மாத்தாதே, எதனால சரியாச்சுன்னு தெரியாதுன்னு தினம் என் டீம் பசங்களைத் திட்டறேன் அலெக்ஸ். தினம்! என் வண்டியிலயே ரெண்டை மாத்தியிருக்கேன், தெரியாமலே!"

"போல்ட்டே பெரிய விஷயம்தாம்மா," என்றார் வேம்புலி, புரிந்த மாதிரி. "எங்க லேஅவுட்டுல கேட்டு போல்ட்டு கூட ஒண்ணொண்ணும் நானே நின்னு முறுக்கினது."

அதோடு கதை முடிந்தது என்று ரெனிதா கிளம்பத் தயாரானாள். அலெக்ஸ்தான் அசையவில்லை.

"இன்னும் முடியல. போல்ட் வேலை செஞ்சுது, சரி. கம்பி எதுவுமே செய்யலன்னு நாம நிரூபிக்கலையே. நீ சொன்னது தப்பு, அவ்வளவுதான்." கொஞ்சம் தயங்கினான். "நான் ஓட்டறேன்."

ரெனிதா தன் காதுகளை நம்பவில்லை. "நீயா?"

"லைசென்ஸ் இருக்குல்ல?"

லேஅவுட்டின் பின்பக்கம் பூங்காவுக்கென்று ஒதுக்கிய வெற்று நிலத்தைச் சுற்றி ஒரு நீண்ட வளைவு இருந்தது. அந்தப் பகுதியில் மட்டும் தார் அலை அலையாக இருந்தது. அதை வேம்புலி யாருக்கும் காட்டுவதில்லை. மக்கு விளையாட்டை விட அது நல்ல சோதனை என்றான் அலெக்ஸ். வளைந்துகொண்டே குலுங்கினால்தான் வண்டியின் உடம்பு முறுக்கிக்கொள்ளும். ரெனிதா பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். அந்த சீட்டின் பெல்ட் எங்கே இருக்கிறது என்று தேடவேண்டியிருந்தது. அவள் அதில் உட்கார்ந்ததே இல்லை.

ஆசிக் தன் வேலையை முடித்துவிட்டுக் கட்டைவிரலைக் காட்டினான். இந்த முறை அவனுக்கு மட்டும்தான் விடை தெரியும்.

அலெக்ஸ் நிதானமாகத்தான் ஓட்டினான். ஆனால் வளைவின் நடுவில் அலைகள் வந்ததும் அவன் கைகள் தடுமாறின. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே, மறுபடியும் உள்ளே என்று தொட்டுத் தொட்டுத் திருத்தினான். மூக்கு நுனியில் வியர்வை.

அடுத்த ஓட்டம். அதே வளைவு, அதே வேகம். ரெனிதா ரோட்டைப் பார்க்கவில்லை. அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை திருப்பினான். கை அங்கேயே நின்றது. கார் குலுங்கியது, ஆனால் கோட்டை விட்டு நகரவில்லை. வளைவு முழுக்க அவன் கை ஆடவே இல்லை.

அலெக்ஸ் வண்டியை நிறுத்தினான். "முன்னாடி இல்ல. இப்ப இருக்கு."

தூரத்திலிருந்து ஆசிக் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் குதித்தான்.

நம்பாமல் இன்னும் சில தடவை வைத்துப் பார்த்தார்கள். அலெக்ஸ் ஒன்றில் கூடத் தப்பவில்லை. ரெனிதா அதே வளைவில் ஓட்டியபோது மறுபடியும் குழம்பினாள்.

"அதெப்படி?" என்று ஆதங்கத்தோடு கேட்டாள். "என் வண்டி. எனக்குத் தெரியல, உனக்குத் தெரியுதா?"

"நீ நல்லா ஓட்டறவ, அதான்," என்றான் அலெக்ஸ். "வண்டி நகந்தா உன் கை தானாவே சரி பண்ணிக்குது. நீ பண்றேன்னு உனக்கே தெரியாது. எனக்கு அந்தப் பழக்கம் இல்ல. கொஞ்சம் நகந்தாலும் உயிர் போகுது. அதனால தெரியுது." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். "சும்மா சொல்லக்கூடாது ரெனி. கம்பி இருந்தப்ப பயமே இல்ல. ஜாலியா இருந்துச்சு."

அந்த நேரம் பார்த்து மனை பார்க்க ஒரு குடும்பம் வந்து இறங்கியது. சிவப்புக் கார் வளைவில் வருவதை வாயைப் பிளந்து பார்த்தார்கள். வேம்புலி சட்டென்று குடையை மடக்கி நீட்டினார்.

"பாத்தீங்களா சார்? ரோடு தரமா இல்லாங்காட்டி ரேஸு உடுவாங்களா?"

ரெனிதா அந்த அலைத் தாரைப் பார்த்தாள், வேம்புலியைப் பார்த்தாள், பானட்டைத் திறந்துவைத்து ஆசிக்குக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தாள். இரண்டு கம்பியும் மறுபடி ஏறின. கூடவே வண்டிக்கு அடியில் இருந்த மற்ற போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்க்கச் சொல்லி, அவளும் கோயில் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்தில் குந்தினாள்.

மத்தியானம் பூந்தமல்லியில் ஒரு பிரியாணிக் கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். ரெனிதாவுக்கு அகோரப் பசி. அலெக்ஸ் சாப்பிட்ட மாதிரியே தெரியவில்லை. இடது கையில் ஸ்பூனைக் காராகப் பிடித்துக்கொண்டு, மேசையில் அந்த வளைவை மறுபடி மறுபடி ஓட்டி, எந்த அலையில் எப்படித் திரும்பினேன் என்று ஆசிக்குக்கு விளக்கிக்கொண்டிருந்தான். ஆசிக் வேறொரு ஸ்பூனோடு குறுக்கே வந்தான். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரெனிதா தயிர்வெங்காயக் கிண்ணத்தை அலெக்ஸின் முழங்கைக்கு எட்டாத இடத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டு, அவன் தட்டிலிருந்த முட்டையையும் எடுத்துச் சாப்பிட்டாள். அவன் கவனிக்கவே இல்லை.