சுவி படகின் ஈரம்

துலிக்கி தன் படகின் உள்சுவரிலிருந்து முதல் வெனீர்ப் பலகையை முழுதாக உரித்தெடுத்த செவ்வாய்க்கிழமை மதியம், படகுத்துறைக்கு மேலே பாறைக்குன்றின் உச்சியில் இருக்கும் வெய்க்கோவின் வீட்டு வரவேற்பறையில் கடல்நீர் கணுக்கால் அளவுக்கு ஏறியது. அன்று மழை இல்லை. வீட்டில் எந்தக் குழாயும் உடையவில்லை. தண்ணீர் லேசாகக் கரித்தது, பால்டிக் கடல் கரிக்கும் அளவுக்கு மட்டும். சோபாவுக்கு அடியில் விரல் நீளத்தில் இரண்டு பெர்ச் மீன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. வெய்க்கோவின் மனைவி ஹில்க்கா அவற்றை வாளியில் பிடித்துக் கடலில் விட்டுவிட்டு வந்து, தண்ணீரை இறைக்கத் தொடங்கினாள்.

சுவி என்ற அந்தப் படகை வெய்க்கோதான் அந்த வசந்தத்தில் துலிக்கிக்கு விற்றிருந்தார். லெப்பசாரித் தீவின் படகுச் சங்கத்துக்கு அவர் பல வருடமாகத் தலைவர். துலிக்கி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கணவனைப் பிரிந்தபோது கைக்கு வந்ததையெல்லாம் அந்தப் படகில் போட்டு, அதையே வீடாக்கிக்கொண்டாள். உள்சுவர் முழுக்க மெல்லிய தேக்குத் தகடான வெனீர், முகம் பார்க்கும்படி வார்னிஷ். "இருபது வருஷத்துல ஒரு சொட்டு உள்ள வந்ததில்ல" என்று வெய்க்கோ நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். அவள் நம்பினாள்.

ஜூலையில் விடாமல் மழை பிடித்தது. ஜன்னலுக்குக் கீழே இருந்த பலகை வயிறு ஊதினாற்போலப் புடைத்தது. துலிக்கி விரலால் அழுத்தினாள். பாலில் ஊறிய ரொட்டியில் இறங்குவதுபோல விரல் உள்ளே இறங்கியது. ஓரத்தில் ஒரு துண்டு கையோடு பிய்ந்து வந்தது. பளபளக்கும் புது வெனீருக்கு அடியில் கறுத்துப்போன பழைய வெனீர், அதற்கும் அடியில் பூஞ்சை பிடித்து ஏடு ஏடாகப் பிரிந்த பிளைவுட். ஒழுகும் ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு, ஈரத்தின் மேலேயே புதுத் தேக்கை ஒட்டி மெருகேற்றியிருந்தார்கள். வசந்தத்திலிருந்து விடாமல் இருமிக்கொண்டிருந்தது எதனால் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

பிய்ந்த துண்டை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனாள். சனிக்கிழமை, சங்கத்து ஆட்கள் எல்லோரும் காப்பியும் ஏலக்காய் ரொட்டியுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"இது என்ன, வெய்க்கோ?"

"வெனீர்."

"ஒரு சொட்டு வந்ததில்லன்னு சொன்னீங்க."

"படகு தண்ணியில கிடக்குற சாமான், துலிக்கி. காஞ்சு கிடக்கணும்னா நீ டிராக்டர் வாங்கியிருக்கணும்."

துறையே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் துறைக் காவலாளி ஓஸ்மோ. விற்பனைக்கு முந்தின மாதம் பசை டப்பாவோடு சுவிக்குள் இறங்கி ஏறியவன் அவன்தான். அது எல்லோருக்கும் தெரியும் என்பது அந்தச் சிரிப்பில்தான் அவளுக்குத் தெரிந்தது. துண்டைக் கையோடு எடுத்துக்கொண்டு படகுக்குத் திரும்பினாள்.

செவ்வாய்க்கிழமை வேலையை ஆரம்பித்தாள். ஜன்னல்களைக் கழற்றிப் புதிதாக அடைப்புப் பசை வைத்துப் பூட்டினாள். இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி வெனீர்மேல் ஓட்டி, பசை இளகியதும் ஸ்க்ராப்பரால் நெம்பி உரித்தாள். உளுத்ததை வெட்டி எறிந்தாள். மிச்சத்தின்மேல் சூடான காற்றைப் பாய்ச்சினாள். வாரக்கணக்கில் காயவேண்டிய கட்டை ஒரே பிற்பகலில் எலும்பாகக் காய்ந்தது. அட்டையில் அளவு வெட்டி, புது வெனீரைப் பசைபோட்டு அழுத்தி, மணல் மூட்டைகளால் முட்டுக் கொடுத்தாள். அவ்வளவு ஈரமும் எங்கே போனது என்று அவள் யோசிக்கவில்லை. கோபத்தில் இருப்பவர்கள் அதையெல்லாம் யோசிப்பதில்லை.

சமையல் மூலைப் பலகையை உரித்த நாளில் வெய்க்கோவின் சமையலறையில் தண்ணீர் வந்தது. வரைபட மேசைப் பக்கத்தை உரித்தபோது அவருடைய எழுத்தறையில் வந்தது. கழிப்பறைத் தடுப்பை உரித்ததும் சவுனா என்ற நீராவிக் குளியலறையின் அடுப்புக்குள்ளேயே வந்து, கற்கள் நனைந்து, தீ பற்ற மறுத்தது. அதுவரை பொறுத்துக்கொண்ட வெய்க்கோ சவுனா போனதும் சங்கத்தைக் கூட்டி, துலிக்கியையும் வரச்சொன்னார். துலிக்கி பேருந்து ஓட்டும் நாட்களில் தண்ணீர் ஏறுவதில்லை என்று ஓஸ்மோ கண்டுபிடித்திருந்தான்.

"வேலையை நிறுத்திடு. இல்லன்னா உரிச்சத மறுபடி ஒட்டிடு. தலைவர் வீடு நாசமாகுது" என்றான் ஓஸ்மோ.

"என் படகை நான் காயவைக்கிறேன். அதுக்கு உங்ககிட்ட அனுமதி வாங்கணுமா?"

"ஒரு மனுஷன் வீட்டுக்குள்ள தண்ணி ஏறுதே, கொஞ்சம்கூட ஈரமில்லையா உனக்கு?"

"இருந்துச்சு. நாலு மாசமா என் நெஞ்சுலயே இருந்துச்சு. நான் இருமினப்ப ஒருத்தராவது கேட்டீங்களா? அது யாரோட தண்ணின்னு இப்பவாவது யாராவது கேக்குறீங்களா?"

யாரும் கேட்கவில்லை. காப்பி ஆறிவிடும் என்று சொல்லிக்கொண்டு எழுந்து போனார்கள்.

மறுநாள் வெய்க்கோ ரப்பர் பூட்ஸோடு படகுக்கு வந்தார். "படகை நானே திருப்பி எடுத்துக்கறேன்" என்றார்.

"வேணாம். அன்னைக்குச் சிரிச்ச அதே ஆளுங்க முன்னாடி, ஈரத்து மேல ஒட்டித்தான் வித்தேன்னு சொல்லுங்க. அது போதும்."

அவர் பூட்ஸ் சளசளக்கத் திரும்பிப் போய்விட்டார்.

அதைச் சொன்னது ஹில்க்கா. சனிக்கிழமை, முழங்கால்வரை நனைந்த பாவாடையோடு குன்றிலிருந்து இறங்கி வந்து, காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் நடுவில் நின்றாள். "மூணு வருஷமா அந்த ஜன்னல் ஒழுகுது. வாளி வெச்சது நான். ஓஸ்மோவ விட்டு ஈரத்து மேலயே ஒட்டச் சொன்னது இவரு. வாயில ரொட்டிய அடைச்சுக்கிட்டுப் பாத்தது நீங்க." ஒருவரும் கோப்பையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஹில்க்கா நேரே சுவிக்குள் இறங்கினாள்.

"இன்னும் எது பாக்கி?"

"முன்பக்கப் படுக்கை ஓரம். ஹில்க்கா, அத உரிச்சா உங்க படுக்கையறை போயிடும்."

"அவரோட படுக்கையறை. அந்த ஸ்க்ராப்பரக் குடு."

முதல் இழுப்பை ஹில்க்காவே இழுத்தாள். கறுத்த வெனீர் நீளமாகச் சுருண்டு வந்தது.

செப்டம்பரில் சுவி முழுக்கக் காய்ந்தது. துலிக்கியின் இருமலும் நின்றது. துறையின் அமைதியைக் கெடுத்ததற்காகச் சங்கம் துறையில் அவள் படகு கட்டும் இடத்தை ரத்துசெய்தது. அவள் பக்கத்துத் தீவுக்குப் படகைக் கொண்டுபோய்விட்டாள். ஹில்க்காவும் தன் தையல் இயந்திரத்தோடு அதே படகில் ஏறிப்போய், அங்கே கடைக்கு மேலே ஒரு அறை எடுத்துக்கொண்டாள். குன்றின்மேல் தண்ணீர் வடியவில்லை. வெய்க்கோ மேசை நாற்காலிகளைக் கற்கள்மேல் ஏற்றிவைத்தார். குளிர்காலத்தில் வரவேற்பறை உறைந்தபோது சோபா ஓரத்தில் துளைபோட்டு மீன் பிடித்தார். நகராட்சியின் வடிகால்தான் காரணம் என்று இன்றுவரை சொல்கிறார்.

மார்ச்சில் சங்கத் தேர்தல் வந்தது. தலைவராக அவரையே ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். மாதக் கூட்டம் வழக்கம்போல அவர் வீட்டில்தான் நடக்கிறது. உறுப்பினர்கள் நீளமான பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து, முழங்கால்வரை தண்ணீரில் வரிசையாக உட்காருகிறார்கள். ஓஸ்மோ ரொட்டித் தட்டை ஒரு சின்ன மிதவையில் வைத்துத் தள்ளிவிடுகிறான். தண்ணீரைப் பற்றி இதுவரை அங்கே யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.