நாலாவது ஆட்டத்துக்கு வெயில்

விஸ்வநத்தம் முக்கில் கம்பெனி வேனை விட்டு இறங்கிய முனியராஜின் கண்ணில் முதலில் பட்டது, சகலை சிவபாண்டியின் புது பைக்தான். மாலை போட்டு, சந்தனம் வைத்து நின்றது. வீட்டுக்குள் நுழைந்தால், மனைவி செல்வலட்சுமி, தன் தங்கச்சி பொன்னுத்தங்கம் புருஷனோடு அந்த பைக்கில் ஏறிக் கோயிலுக்குப் போய் வந்த கதையை ஆரம்பித்தாள். முனியராஜுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே பட்டாசுக் கம்பெனி, ஒரே கூலி. அவனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? வயிறு எரிந்தது.

மறுநாள் நைசாகச் சகலையின் வாயைக் கிளறியதில் விஷயம் வெளியே வந்தது. செல்போனில் பணம் கட்டி ஆடும் பிளாக்ஜாக் சீட்டு. கையில் வரும் சீட்டுகளின் கூட்டுத்தொகை இருபத்தொன்றைத் தாண்டக் கூடாது, எதிராளியைவிடக் குறையவும் கூடாது. தன் முறை இதுதான், தோற்றால் அடுத்த ஆட்டத்துக்கு இரட்டிப்பாகக் கட்ட வேண்டும், ஜெயிக்கிற அன்று விட்டதெல்லாம் திரும்பி வந்துவிடும் என்றான் சிவபாண்டி. சொல்லிக்கொண்டே பைக் சாவியை விரலில் சுழற்றினான். அந்தச் சுழற்றல்தான் முனியராஜைக் கெடுத்தது.

சொன்னதை அப்படியே செய்தால் சகலைக்கு அடுத்தபடியாகத்தானே நிற்க வேண்டும்? அதனால் முறையைத் திருத்தினான். அவனுக்குக் கம்பெனியில் வெடிகளைக் களத்தில் காய வைக்கும் வேலை. மூன்று நாள் மழை பிடித்தால் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். நாலாவது நாள் வெயில் அடித்ததும் விட்ட லோடையும் சேர்த்து முடித்துவிடுவார்கள். சீட்டுக்கும் அதே கணக்கைப் போட்டான். மூன்று ஆட்டம் தோற்கும்வரை கொஞ்சமாகக் கட்டுவது, நாலாவதில் அள்ளிக் கட்டுவது. மூடிய வானம் திறந்துதானே ஆக வேண்டும்? முதல் வாரம் திறக்கவும் செய்தது.

ஜெயித்ததைவிட, அதைச் சிவபாண்டியிடம் சொல்வதில்தான் அவனுக்கு ருசி. மழை, வெயில் கணக்கையும் விளக்கி, கிடைத்ததைப் பல மடங்காக்கிச் சொன்னான். சிவபாண்டியின் முகம் சுண்டிப்போனதைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு ஒழுங்காகத் தூக்கம் வந்தது. அப்புறம் வானம் மூடிக்கொண்டது. நாலாவது ஆட்டம் போனது, எட்டாவதும் போனது. அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. சகலையிடம் மட்டும் ஜெயிப்பதாகவே அளந்துகொண்டிருந்தான். மகள் ஓவியாவின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று செல்வலட்சுமி தொடாமல் வைத்திருந்த தீபாவளி போனஸும் அந்தச் சீட்டிலேயே கரைந்தது.

கட்டணம் கட்டாவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்று ஓவியா சொன்னதும், முனியராஜ் வெட்கத்தை விட்டுச் சிவபாண்டியிடம் கடன் கேட்கக் கிளம்பினான். வாசலில் பைக்கைக் காணோம். அவன் வாயைத் திறப்பதற்குள் சிவபாண்டி முந்திக்கொண்டான்.

"நானே உங்களத் தேடி வரணும்னு இருந்தேண்ணே. பைக்க பைனான்ஸ்காரங்க தூக்கிட்டுப் போயிட்டாக. நீங்கதான் ஜெயிக்கிறீகளே, கொஞ்சம் கொடுத்து உதவுங்க."

முனியராஜ் கையை விரித்தான். "ஏங்கிட்ட ஒண்ணும் இல்லப்பா. ஓவியா பீஸும் போயிருச்சு. ஓங்கிட்ட கேக்கத்தான் வந்தேன்."

சிவபாண்டி அப்படியே உட்கார்ந்துவிட்டான். தொடக்கத்தில் ஏதோ கொஞ்சம் ஜெயித்த மிதப்பில் பைக்கைத் தவணையில் எடுத்ததையும், அன்றிலிருந்து தோற்றுக்கொண்டே வந்ததையும் இப்போதுதான் சொன்னான். விட்டுத் தொலைக்கலாம் என்று நினைத்தபோதெல்லாம், அண்ணன் மட்டும் ஜெயிக்கிறாரே என்ற பொறாமையில் மறுபடி இறங்கினானாம்.

அடுப்படியில் கேட்டுக்கொண்டிருந்த பொன்னுத்தங்கம் வெளியே வந்தாள். அவள் கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறுதான் கிடந்தது.

"போன ஆட்டம் நீங்க தோத்தீகன்னு சீட்டுக்குத் தெரியுமா மச்சான்? அதுக்கு ஏது மழை, ஏது வெயிலு? சூதாட்டத்துல நல்ல முறைன்னு ஒண்ணு கெடையாது. அத விடுங்க. ஜெயிச்சத மட்டும் சொல்லிச் சொல்லி ஒருத்தர ஒருத்தர் எரிய வச்சீக. தோத்தத ஒருத்தராச்சும் வாயத் தொறந்து சொல்லியிருந்தா ரெண்டு வீடும் தப்பிச்சிருக்கும். சீட்டுல போனது பாதி, ஒங்க பொறாமையில போனது பாதி."

 முனியராஜ் குனிந்து, உட்கார்ந்திருந்த சகலையின் கையைப் பிடித்துத் தூக்கினான்.

"வாலே, தோத்தத மொதல்ல ஒன் மதினி செல்வலட்சுமிகிட்டச் சொல்லுவோம்."