பெரியப்பா வைத்த தேதி

என் பெரியப்பா தாமஸ், கர்த்தர் வரும் தேதியை வார விடுமுறை கழித்துக் கணக்குப் போட்டவர். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் வேலை. யார் லேட், யாருக்கு ஓ.டி. என்று எழுதி எழுதியே வயதானவர். தானியேல் தீர்க்கதரிசி சொன்ன எழுபது வாரத்தையும் அதே கண்ணோடுதான் பார்த்தார். ஞாயிறு வேலைநாள் இல்லையாம், ஆகவே தேவனுடைய கணக்கிலும் வராதாம். இதைச் சிரிக்காமல் உட்கார்ந்து கேட்க எங்கள் ஊர் பென்னலூரில் ஆள் இருந்ததுதான் எனக்கு ஆத்திரம்.

தொண்ணூற்றொன்று ஜனவரியில் வளைகுடாவில் சண்டை மூண்டது. சுங்குவார்சத்திரம் டீக்கடை டிவியில் பாக்தாத்மேல் குண்டு விழுவதைப் பார்த்துவிட்டு வந்தவர், "வேதத்துல சொன்ன பாபிலோன் எரியுது" என்று தெருவெல்லாம் சொன்னார். ஈஸ்டருக்குள் வருகை என்று தேதியும் வைத்தார். வைத்துவிட்டுப் போகட்டும். என் கல்யாணத்தில் ஏன் கை வைக்க வேண்டும்?

எனக்கும் ஜெபர்சனுக்கும் நிச்சயமாகி, கோயிலில் ஓலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று ஞாயிறு அறிவித்து, யாருக்காவது தடை உண்டா என்று கேட்பது எங்கள் வழக்கம். சாம்பல் புதனுக்கு முன்னால் தாலி ஏறிவிட வேண்டும். அன்றைக்குத் தொடங்கி ஈஸ்டர்வரை லெந்து, அந்த நோன்பு நாட்களில் கோயிலில் கல்யாணம் கிடையாது. லெந்து முடியும்வரை காத்திருக்க முடியாது, வேறு பெண் இருக்கிறது என்று ஜெபர்சனின் அம்மா கறாராகச் சொல்லியிருந்தார்.

இரண்டாம் ஓலையில் பெரியப்பா எழுந்து நின்றார்.

"தடை கீது ஐயா. கர்த்தரே வரப்போறாரு. இந்த நேரத்துல கல்யாணம் இன்னாத்துக்கு?"

போதகர் கண்ணாடியைக் கழற்றினார். "பொண்ணுக்கு ஏற்கெனவே புருஷன் இருந்தா அது தடை. இது அதுல வராது. உக்காருங்க தாமஸ்."

உட்கார்ந்தார். ஆனால் என்னைக் கைபிடித்து அழைத்துவர மாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். அப்பா இல்லாத பெண்ணைப் பெரியப்பாதான் பீடம்வரை அழைத்து வந்து ஒப்படைக்க வேண்டும். ஆள் இல்லாமல் எப்படி என்று மாப்பிள்ளை வீடு இழுத்தது.

அம்மாவும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். பெரியம்மா பூரித்துப்போய் இருந்தார். "நேத்துதான் கேஸ் அடுப்புக்குப் பதிஞ்சிட்டு வந்தாரு. வர்றதுக்கு மூணு வருஷம் ஆவுமாம்."

"ஈஸ்டரோட எல்லாம் முடியுது. அந்த கேஸ்ல யாரு சமைக்கிறது பெரியப்பா?" என்றேன்.

"விசுவாசம் வேற, வூட்டு விஷயம் வேற," என்றார். கூச்சமே இல்லை மனிதருக்கு.

அம்மா அவர் காலில் விழப் போனாள். நான் தோளைப் பிடித்து நிறுத்தினேன். அவர் அம்மாவைப் பார்த்து, "வேணும்னா நீயே கூட்டிகினு போ. கைம்பொண்ணு முன்னால நடந்து வர்றத எல்லாரும் பாக்கட்டும்," என்றார். அந்த நிமிஷத்தில் அவரை வெறுத்தேன். யார் கூட்டிப்போவது என்பதையும் முடிவு செய்துவிட்டேன்.

சாம்பல் புதனுக்கு முந்தின திங்கட்கிழமை கல்யாணம். கோயில் வாசலில் பார்த்தால், பெரியப்பா! சலவை வேட்டி, கோட்டு, பவுடர். அத்தனை பேர் பார்க்க கோயில் நடுவே நடந்து வரும் வாய்ப்பை விட மனசு வரவில்லை.

"கணக்க மறுபடி பாத்தேன். தேதி கொஞ்சம் தள்ளுது. வா எழிலு," என்று கையை நீட்டினார்.

அம்மா பின்வாங்கினாள். "அவரே வந்துட்டாரேடி."

"வந்தா உக்காரட்டும்," என்று சொல்லி அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். நடக்கும்போது அவள் ஓரமாக ஒதுங்கப் பார்த்தாள். எனக்கும் பயம்தான். முதல் வரிசையில் ஜெபர்சனின் அம்மா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இந்தப் பெண்ணைக் கொடுப்பது யார் என்று போதகர் கேட்டார். பின்னால் பெரியப்பா செருமினார்.

"நான்தான் ஐயா," என்றாள் அம்மா. "பெத்தவ."

சொல்லிவிட்டு, எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் அங்கேயே நின்றாள். ஜெபர்சனின் அம்மா மடியிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்து இடம்விட்டார்.

"இங்க வந்து உக்காருங்க சம்மந்தி."