மெர்வ் வண்டி கழுவுகிறான்

முப்பத்தொரு வருஷக் கல்யாணத்தில் மெர்வ் ஒரு நாள்கூட வண்டி கழுவியதில்லை. அப்படிப்பட்டவன் பிப்ரவரி மாதம் முழுக்க வாளியும் கையுமாக நின்றால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் சந்தேகம் வராது?

எங்கள் பக்கம் பிப்ரவரி என்றால் வெட்டுக்கிளி. மழை பெய்து புல் தலைதூக்கியதும் கிளம்பிவிடும். ரோட்டில் வண்டியை எடுத்தால் சடசடவென்று வந்து மோதும். வீடு வந்து சேரும்போது முன்பக்கம் முழுக்க மஞ்சளும் பச்சையுமாக அப்பிக் கிடக்கும். இன்ஜின் சூட்டில் கருகி, தீய்ந்த இறால் வாடை அடிக்கும். ரேடியேட்டருக்குள் புகாமலிருக்க ஆளாளுக்குக் கொசுவலையை வெட்டி முன்னால் கட்டிவிடுவோம். அதற்குமேல் யாரும் மெனக்கெட மாட்டோம்.

எங்களுக்குக் கழுவ ஆளும் தேவையில்லை. கோழிகள் இருக்கின்றன. வண்டிச் சத்தம் கேட்டதும் பதினான்கும் விழுந்தடித்து ஓடிவரும். கங்காரு குறுக்கே வந்தால் தாங்குவதற்காகப் பம்பருக்கு முன்னால் போட்டிருக்கும் இரும்புத் தடுப்பில் ஏறி நின்று, ஒட்டியிருப்பதை ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்றுவிடும். இந்த வருஷம் மெர்வ் அந்தக் கோழிகளைத் தொப்பியால் அடித்து விரட்டினான்.

"என்ன மெர்வ், ராணி யாராச்சும் வர்றாங்களா நம்ம வீட்டுக்கு?" என்று கேட்டேன்.

"கறை புடிச்சிருக்கு. போகமாட்டேங்குது."

"அதுக்குத்தான கோழி வளக்குறோம்."

"அதுங்க மேல ஏறி மிதிச்சு இன்னும் அசிங்கம் பண்ணுதுங்க. நீ உள்ள போ, ரே."

என் முழுப் பெயர் ரேலீன். 'நீ உள்ள போ' என்று என்னிடம் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் குறைவு. உள்ளே போனேன், ஆனால் ஜன்னலோரமாக நின்றேன். மழைத்தண்ணீர்த் தொட்டி மறைத்ததில் அவன் முதுகும் வாளியும்தான் தெரிந்தன. வெங்காய வலைப்பையைச் சுருட்டி வைத்துக்கொண்டு தேய்த்தான். சோடா உப்பு போட்டுத் தேய்த்தான். நான் சுட்ட கேக்கைக்கூட அவன் அவ்வளவு அக்கறையாகக் கவனித்ததில்லை.

மெர்வ் தபால் வண்டி ஓட்டுகிறவன். செவ்வாயும் வெள்ளியும் பதினோரு பண்ணைக்குப் போய்வர வேண்டும். முந்நூற்று நாற்பது கிலோமீட்டர், பாதிக்குமேல் மண் ரோடு. தபால், ரொட்டி, மருந்து, பம்ப்செட்டுக்கு பெல்ட் என்று எல்லாம் அவன் வண்டியில்தான் போகும். இருபது வருஷமாக மூன்று மணிக்கு வீடு திரும்புகிறவன் இப்போதெல்லாம் ஐந்து மணிக்கு வந்தான். கேட்டால் ரோடு சரியில்லை என்றான். ஒன்பதாவது பண்ணையில் புதிதாக ஒரு சமையல்காரி வந்திருக்கிறாள், நகத்துக்குச் சாயம் பூசுகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். வண்டி பளபளப்பாவது அவளுக்காகத்தான் என்று முடிவுகட்டி, பத்து நாள் அவனுக்கு ஆறிய சாப்பாடாகவே போட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை நோயல் வந்தான். தபால் பாதையில் மூன்றாவது பண்ணை அவனுடையது. மெர்வும் அவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவர்கள். மெர்வ் ஓடைப்பக்கம் தண்ணீர்ப் பம்ப்பைப் பிரித்துக்கொண்டிருந்தான். நோயல் டீயை வாங்கிக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தான்.

"டிங்கர் போயிட்டான், ரே."

டிங்கர் அவனுடைய ஆடு மேய்க்கும் நாய். செம்பட்டை நிறம். மூன்று ஆள் வேலையைத் தனியாகச் செய்யும். தபால் நாளானால் ரோட்டோரத் தபால் பெட்டியருகே போய் உட்கார்ந்துவிடும், மெர்வ் பிஸ்கட் கொடுப்பான் என்று.

"எப்படி?"

"வெள்ளிக்கிழமை. எவனோ வண்டிய விட்டு ஏத்திட்டுப் போயிட்டான். எங்க கேட்டுக்கு முன்னாடி மாடு தாண்டாம இருக்க ரோட்டுக்குக் குறுக்க இரும்புக் குழாய் பதிச்சிருக்கே, அதுக்கு இந்தாண்ட. பிரேக் போட்ட தடமே இல்ல." நோயல் கோப்பையைக் கீழே வைத்தான். "குறுக்க பாஞ்சிருக்கும். தப்பு யாருக்கும் நடக்கும். ஆனா நிறுத்தாம போனான் பாரு, அவன் மனுஷனா?"

நான் கோப்பையை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"மெர்வ் எதையாச்சும் பாத்தேன்னு சொன்னானா? அன்னிக்கு அந்த வழியாத்தான வந்தான்."

"ஒண்ணும் சொல்லல."

"அப்புறமா எதிர்ல பாத்தேன் அவன. விரலத் தூக்குனேன். கண்டுக்காம போயிட்டான். எம்மேல எதும் கோவமா?"

இங்கே எதிரில் வருகிறவன் ஜென்ம விரோதியாக இருந்தாலும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்காமல் போகமாட்டோம். மெர்வ் தூக்கவில்லை என்றால் ஏதோ இருக்கிறது. நோயலுக்கும் அது தெரிந்திருந்தது. பேசும்போது இரண்டு முறை அவன் பார்வை எங்கள் வண்டிப்பக்கம் போய்த் திரும்பியது. கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. சிநேகிதன் வண்டியின் முன்பக்கத்தைக் குனிந்து பார்ப்பது அவனை முகத்துக்கு நேரே கொலைகாரன் என்பது மாதிரி. போகும்போது வழக்கமாகச் சொல்வதுபோல 'மெர்வக் கேட்டேன்னு சொல்லு' என்று சொல்லவில்லை.

அவன் வண்டிப் புழுதி அடங்குவதற்குள் என் மனசு கணக்குப் போட்டு முடித்துவிட்டது. நாயை அடித்தான். நிறுத்தாமல் வந்தான். அடையாளம் தெரியாமலிருக்கக் கழுவுகிறான். நாய் சாவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே கழுவுகிறானே என்று ஒரு குரல் கேட்டது. அதை வாயை மூடச் சொன்னேன். சந்தேகம் வந்துவிட்டால் கணக்கை எப்படிப் போட்டாலும் விடை வந்துவிடும். சமையல்காரியாகவே இருந்திருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தேன். அவளோடு சண்டை போடலாம். இது வெளியே தெரிந்தால் இந்த வட்டாரத்தில் ஒருத்தன் மெர்வோடு கைகுலுக்க மாட்டான். நானும் அந்தக் கையைத் தொட முடியாது.

நேராக வண்டியிடம் போனேன்.

இரும்புத் தடுப்பில் வெட்டுக்கிளி ஒரு விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. ஒரு வாரமாகக் கோழியும் கொத்தவில்லை, ஈரத்துணியும் படவில்லை. வலது பக்க போல்ட்டில் ஒரு கொத்து முடி சிக்கியிருந்தது. செம்பட்டை முடி. அதன் நுனியில் காய்ந்த ரத்தம்.

முன்கண்ணாடி மட்டும் பளிச்சென்று இருந்தது.

எனக்குப் புரியவில்லை. மறைக்க நினைக்கிறவன் முதலில் கழுவ வேண்டிய இடத்தை விட்டுவிட்டுக் கண்ணாடியை ஏன் கழுவ வேண்டும்?

மெர்வ் வந்தான், கையில் வாளியோடு. முடியை அவன் முன்னால் நீட்டினேன்.

"இது என்ன?"

அவன் அதை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். பிறகு தலையைப் பக்கவாட்டில் திருப்பி, கோழி தானியத்தைப் பார்க்கிற மாதிரி ஓரக்கண்ணால் பார்த்தான்.

"கயிறா?"

"முடி. டிங்கரோட முடி. உன் வண்டில மாட்டியிருந்துச்சு. வெள்ளிக்கிழமை செத்துப்போச்சாம். நோயல் இப்பத்தான் வந்து அழாத குறையா சொல்லிட்டுப் போறான்."

"டிங்கர் அன்னிக்கு வரவே இல்லயே, ரே." அவன் குரல் மெதுவாக வந்தது. "பெட்டிகிட்ட நின்னு விசிலடிச்சேன். ஆட்டோட போயிருக்கும்னு நெனச்சேன்." சட்டைப்பையைத் துழாவி ஒரு பிஸ்கட்டை எடுத்தான். ஓரமெல்லாம் உடைந்திருந்தது. "இன்னும் இருக்கு பாரு."

"எதுலயும் மோதின மாதிரி தெரியலயா உனக்கு?"

"அந்தக் குழாய் மேல ஏறும்போது எப்பவும் தூக்கித்தான் போடும். அன்னிக்கும் போட்டுச்சு."

"பொய் சொல்லாத மெர்வ். பின்ன எதத்தான் ஒரு மாசமா கழுவுற?"

"அந்தக் கறையத்தான்." ஓட்டுநர் சீட்டுக்கு நேரே கண்ணாடியில் விரலை வைத்தான். "நடுவுல அப்பிக்கிட்டு நிக்குது. என்ன தேச்சாலும் போகல."

நான் ஏறி அவன் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணாடியில் ஒன்றுமே இல்லை. ஓடைக்கரை மரங்கள் தனித்தனியாகத் தெரிந்தன.

"இங்க ஒண்ணும் இல்ல, மெர்வ்."

"நல்லா பாரு."

"நல்லாத்தான் பாக்குறேன். சுத்தமா இருக்கு."

அவன் வாளியைக் கீழே வைத்தான். என் பக்கம் திரும்பினான். அவன் பார்வை என் கண்ணில் படாமல் காதோரமாகப் போய் நின்றது. எத்தனை நாளாக இப்படிப் பார்க்கிறான்? சமையல்காரியை நினைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்க வெட்கப்படுகிறான் என்றல்லவா நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"உன் மூஞ்சிலயும் அது இருக்கு, ரே," என்றான். "ஜனவரிலேர்ந்து. அதத் தேய்க்க முடியுமா? கண்ணாடின்னா தேச்சாவது பாக்கலாம்னுதான்."

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா சாவிய வாங்கிடுவ. தபால் வேலை போயிடும். அப்புறம் நான் எதுக்கு?"

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது, போட்ட ஆறிய சாப்பாடெல்லாம் நினைவுக்கு வந்து வெட்கமும் வந்தது. நாய் இடத்தில் ஒரு குழந்தை நின்றிருந்தால்? அவனைத் திட்டத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவனே சாவியை எடுத்து என் மடியில் வைத்துவிட்டான்.

"நோயலுக்கு போன் போட்டு நான் சொல்லவா?"

"வேணாம். நாளைக்கு எப்படியும் தபால் போவணும். நீ ஓட்டு. நான் நேர்ல சொல்றேன்."

செவ்வாய்க்கிழமை காலை நான் ஓட்டினேன். மெர்வ் பக்கத்து சீட்டில் தபால் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். இரண்டாவது பண்ணையைத் தாண்டுவதற்குள் கண்ணாடியெல்லாம் வெட்டுக்கிளி. வைப்பரைப் போட்டால் இன்னும் ஈஷிக்கொண்டது. அந்த ஈஷலுக்கு நடுவே எதிரில் ஒரு வெள்ளை வண்டி வந்தது.

"யாரு?" என்றான் மெர்வ்.

"நோயல்."

அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். கையை டாஷ்போர்டின் மேல் வைத்து, ஒரு விரலைத் தூக்கினான். எதிர் வண்டியில் நோயலின் விரலும் மேலே வந்தது, வழக்கம்போல.

நான் பிரேக்கை மிதித்தேன்.