ஆர்லன் அடைத்த கதவுகள்

என் தம்பி ஆர்லனுக்குக் கை சும்மா இருக்காது. அப்பாவின் அடக்க ஆராதனை தொடங்கக் கால் மணி நேரம்தான் இருந்தது. அப்போதும் மடிக்கணினியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

அப்பா ஏரிக்கு நடுவே தீவில், தேவாலயத்தில் இருந்தார். நாங்கள் இக்கரையில் ஆஸ்பத்திரி அறையில். அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தாள். படகு நின்றுவிட்டது. ஏரி உறைந்து வண்டி தாங்கும் அளவுக்கு இன்னும் இறுகவில்லை. இந்த இரண்டுங்கெட்டான் நாட்களில் சாகக் கூடாது என்று தீவில் எல்லோரும் சொல்வார்கள். எங்கள் அப்பா லாய்ட் லிண்ட்க்விஸ்ட் யார் பேச்சைக் கேட்டார்?

மிச்சமிருந்த ஒரே வழி தீவின் குட்டி வானொலி. தேவாலயத்து மைக்கில் விழுவதை இணையத்தில் அனுப்பும் கணினி, கீழ்த்தளத்தில் கொதிகலனுக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்குத் திரையும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. காசில்லாமல் கிடைக்கும் ஒரு மென்பொருளை ஆர்லன் அதில் போட்டு வைத்திருந்தான். எங்கே இருந்தாலும் பிரவுசரைத் திறந்து அதை ஆட்டிவைப்பான். முகம் தெரியாத யார் யாரோ சேர்ந்து எழுதிச் சும்மா கொடுத்ததாம். என்னவோ தானே பெற்றுப் போட்டதுபோல அவனுக்கு அதில் பெருமை.

அம்மா தலைவாரச் சொல்லி, நீல ஸ்வெட்டர் போட்டு, தலையணையில் சாய்ந்து தயாராக இருந்தாள். "சத்தம் வருதா பாரு" என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். அங்கே யாரோ ஆர்கன் வாசித்துப் பார்ப்பது நன்றாகவே கேட்டது. அத்தோடு விட்டிருக்கலாம்.

"ரோண்டா, இங்க பாரேன்" என்றான் ஆர்லன். திரையில் சரசரவென்று வரிகள் ஓடின. ஊர்பேர் தெரியாதவர்கள் கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டு அந்தக் கணினிக்குள் நுழையப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது தினமும் நடக்கிறதுதானே?"

"தினமும்தான். அதுக்காக அப்பாவைக் கிடத்தியிருக்கிற அன்னிக்குமா? எவன்டா அது கதவைத் தட்டறது?" அவன் கண் கலங்கியிருந்தது.

"தட்டிட்டுப் போறான். கையை எடுடா. நல்லாத்தானே கேக்குது."

எடுத்தானா? வெளியிலிருந்து வரும் வழி எல்லாவற்றையும் அடைத்தான். 'நிரந்தரமாக' என்ற கட்டத்திலும் டிக் போட்டான். ஆர்கன் பட்டென்று நின்றது. நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த வழியும் அதில்தான் இருந்தது.

"என்னடா பண்ணித் தொலைச்ச?"

"கத்தாத. அடைக்கிறதுக்கு முன்னாடியே கெடு வெச்சிருக்கேன். பத்து நிமிஷத்துல நான் சரின்னு சொல்லலைன்னா அதுவே பழையபடி திறந்துக்கும்."

தூரத்துக் கணினியில் கைவைக்கும் ஆட்களின் பழக்கமாம் இது. தங்களையே வெளியே தள்ளிப் பூட்டிக்கொள்வது அவர்களுக்குப் புதிதில்லை. இனி செய்ய வேண்டியது ஒன்றுதான், சும்மா இருப்பது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வராத வேலை.

ஆர்லன் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தான். நான் காப்பி வாங்கி வந்து குடிக்காமல் வைத்தேன். அம்மா போர்வை ஓரத்தைப் பிசைந்துகொண்டே, "ஆரம்பிச்சிருப்பாங்களோ?" என்றாள். அந்தக் கேள்வி அவனை உடைத்துவிட்டது. போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

வெண்டல் எங்கள் பெரியப்பா மகன். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், ஆராதனைக்குப் பிறகு சாப்பிட ஹாம் சாண்ட்விச் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"வெண்டல், கொதிகலன் பக்கத்துல கறுப்புப் பெட்டி இருக்குல்ல? ஒயரைப் பிடுங்கித் திரும்ப மாட்டு."

"நானா? போன தடவை அதுமேல துடைப்பம் பட்டதுக்கே என்னை உண்டு இல்லைன்னு ஆக்கினியே!"

"பிடுங்குடா!"

பிடுங்கினான், மாட்டினான். ஆர்லன் நடந்துகொண்டிருந்தவன் அப்படியே நின்றான்.

"கெடு போச்சு" என்றான்.

"என்னடா சொல்ற?"

"அந்தக் கெடு கணினியோட நினைவுல மட்டும் ஓடிட்டிருந்தது. கரெண்ட் போனா மறந்துடும். நிரந்தரமா அடைச்சதை மட்டும் மறக்காது. இன்னும் மூணே நிமிஷம், ரோண்டா. சும்மா இருந்திருந்தா திறந்திருக்கும்."

அம்மா அங்கே இல்லாதிருந்தால் காப்பியை அவன் தலையில் ஊற்றியிருப்பேன். அப்போது, அவன் கையிலிருந்த போனில் மணியடிப்பது கேட்டது. அம்மா நிமிர்ந்தாள்.

"அது நம்ம கோயில் மணிதானே?"

"ஆமா சித்தி, ஆரம்பிக்கப் போறாங்க" என்றான் வெண்டல்.

நான் போனைப் பிடுங்கினேன். "வெண்டல், கட் பண்ணாத. அப்படியே மேல போய் ஸ்பீக்கர்ல போட்டு அப்பா பக்கத்துல வை."

"சாண்ட்விச்சு?"

"நாசமாப் போகட்டும், ஓடு!"

அவன் படியேறும் மூச்சு கேட்டது. பிறகு சவப்பெட்டி மரத்தின்மேல் போனை வைக்கும் சத்தம். போதகரின் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல வந்தது. இதற்காக ஆர்லனை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அம்மா போனை வாங்கி வாயருகே வைத்துக்கொண்டாள்.

"லாய்ட்" என்றாள்.

அங்கே போதகர் பேச்சை நிறுத்தினார். யாரோ இருமுவதும் நின்றது. கோயில் முழுக்க அவள் குரல் கேட்கிறது என்று அம்மாவுக்குத் தெரிந்ததா, தெரியாது. தெரிந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டாள்.

"லாய்ட், எனக்கு முன்னாடி கோட்டை மாட்டிட்டுக் கிளம்பிட்ட, எப்பவும்போல. நான் வரலைன்னு நினைக்காத. ஏரி இறுகட்டும், வந்துடறேன். அதுவரைக்கும் உன் பிள்ளைங்களை நான் பாத்துக்கறேன், சரியா?"

பதிலுக்குக் காத்திருப்பவள்போல் அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டாள். ஆர்லன் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.