கடலடியில் ஒட்டவேண்டிய சூரியன்

கடலடிக் குழாய்ப்புழுவுக்கு வாய் கிடையாது, வயிறு கிடையாது, லேசாகத் தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்த அம்மாவுக்கு இப்படி ஒரு டீச்சர் கிடைத்தால் போதும், தலையில் தூக்கிவைத்து ஆடுவார். கிடைத்துத்தான் மூன்று வருஷம் ஆகிறதே.

அறிவியல் டீச்சர் இதை மனசுக்குள்தான் சொல்லிக்கொண்டாள். வெளியே, "சொல்லுங்க மேடம்" என்றாள்.

தலைமையாசிரியை ஐந்தாம் வகுப்பு வாசலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். மறுநாள் கண்காட்சி. ஆழ்கடல் தரையில் வெந்நீர் பீறிடும் ஊற்றுகளைப் பிள்ளைகள் ஒரு மூலையில் கருப்புத் துணி கட்டிச் செய்திருந்தார்கள். கரி பூசிய அட்டைக் குழல்கள் புகைபோக்கிகள். அவற்றின் மேல் பஞ்சுப் புகை. ஸ்ட்ராவின் நுனியில் சிவப்பு நூல் சுற்றினால் குழாய்ப்புழு. தூவியிருந்த ரவைதான் பாக்டீரியா. அதில் பாதியை எறும்பு தூக்கிக்கொண்டு போய்விட்டது. கடலடியில் எறும்பு ஏது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் கையில் ஆளுக்கொரு டார்ச் கொடுப்பதாக ஏற்பாடு.

"என்ன டீச்சர், ஒரே இருட்டா இருக்கு?"

"கடலடி மேடம். வெளிச்சம் அவ்வளவு ஆழத்துக்குப் போகாது."

"போட்டோல ஒண்ணும் விழாதே. இந்தாங்க, இதை மேல ஒட்டிடுங்க."

தெர்மோகோல் சூரியன். கண்ணிமை, கன்னச்சிவப்பு, பல் தெரியும் சிரிப்பு எல்லாம் உண்டு. மூன்றாம் வகுப்பு நாடகத்துக்குச் செய்தது, போன வருஷம் பல் சுகாதார வாரத்திலும் உதித்தது. சிக்கனத்தில் மேடத்தை மிஞ்ச ஆளில்லை.

"சூரியன் இல்லாமலே அங்க உயிர் பிழைக்குது, அதுதான் பாடமே மேடம். ஊத்துல வர்ற ரசாயனத்தை வெச்சு பாக்டீரியா சாப்பாடு தயார் பண்ணும். அந்த பாக்டீரியா இந்தப் புழுவோட உடம்புக்குள்ளயே குடியிருக்கும்."

"எல்லா உயிருக்கும் சூரியன்தான் ஆதாரம்னு புத்தகத்துல இருக்கு. நாளைக்கு வர்ற அதிகாரி அந்தப் புத்தகத்தை எழுதினவங்கள்ல ஒருத்தர். அவர் தப்புன்னு புழுவை விட்டுச் சொல்லணுமா?" மேடம் குரலைத் தாழ்த்தினார். "உங்க வேலையை நிரந்தரமாக்குற ஆர்டர் என் மேசையிலதான் இருக்கு. அவர் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. நான் வேற ஒண்ணும் சொல்லல."

வேறு ஒன்றும் சொல்லாத பெருந்தன்மையை டீச்சர் மனசுக்குள் மெச்சிக்கொண்டாள். மெச்சிக்கொள்ள அவளுக்கும் கொஞ்சம் இருந்தது. போன பரீட்சையில், திமிங்கிலம் மீன் இல்லை என்று எழுதிய பிள்ளைக்கு, புத்தகத்தில் மீன் என்றுதான் இருக்கிறது என்று மேடம் முட்டை போடச் சொன்னபோது, அவள் பேனாவில் சிவப்பு மை ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது.

காட்சி வைத்திருந்த மேசைக்கு அடியிலிருந்து அந்தப் பிள்ளையே எழுந்து வந்தாள். வருஷ ஆரம்பத்தில் ஒரு பாடத்துக்கு நாற்பது கேள்வி கேட்டுப் பிராணனை வாங்கியவள். புழுவுக்கு வாய் இல்லை என்றால் கொட்டாவி எப்படி விடும் என்று கேட்டவளும் அவள்தான். நடந்த பேச்சு முழுக்க அவள் காதில் விழுந்திருந்தது. கையில் பசை பாட்டில், மூடியைக்கூடத் திறந்து வைத்திருந்தாள்.

"எந்தப் பக்கம் ஒட்டணும் டீச்சர்?"

அவ்வளவுதான். ஏன் என்று கேட்கவில்லை.

மூன்று வருஷத்தில் ஒரு பாடமாவது உருப்படியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம் என்று டீச்சர் நினைத்தாள். பாட்டிலை வாங்கி மூடியை இறுகத் திருகி மூடினாள். சூரியனை, அதன் சிரிப்பு கெடாமல், மேடத்தின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"வேண்டாம் மேடம். நான் ஒட்ட மாட்டேன்."